ஐந்து லிட்டர் சர்வதேசக் கல்வி

சட்டமன்ற உறுப்பினரும் குக்கர் வாங்க வருபவரும் ஒன்றுதான் என்று நான் ஒரு காலத்தில் உறுதியாக நம்பியிருந்தேன்.

இதைச் சொல்லும்போதே காது மடல் சூடாகிறது. ஆனாலும் என் தரப்பு நியாயத்தைக் கேளுங்கள். நான் தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் பாதி ஆயுளை நின்றுகொண்டே கழித்தவன். (உட்கார அனுமதி உண்டு. உட்கார்ந்தால் முதலாளியின் முகம் வாடிவிடும், அவ்வளவுதான்.) குக்கர் பிரிவு என் பொறுப்பு. அங்கே நின்று நின்றே நான் கண்டுபிடித்த பேருண்மை ஒன்று உண்டு. குக்கரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் வாடிக்கையாளரின் கண் எதிர்க்கடையில்தான் இருக்கும். பேச்சை நிறுத்திவிட்டு, குக்கரைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கனம் கைக்குத் தெரிந்துவிட்டால் மனிதர் அதைக் கீழே வைக்க மாட்டார். நேராக பில் போடும் இடத்துக்குத்தான் போவார்.

கடைக்குள் இருக்கும் வரை இந்த உண்மையால் யாருக்கும் ஆபத்தில்லை. நான் அதை வெளியே எடுத்துக்கொண்டு போனேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

என் மனைவி கோமதி, அடையாறில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் டீச்சர். ஜப்பானில் கடலோரமாக இருக்கும் ஒரு சின்ன ஊரின் பள்ளியோடு அவளுக்கு எப்படியோ தொடர்பு ஏற்பட்டது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் வாரம் ஒருமுறை திரையில் பார்த்துப் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்தாள். முதல் வாரம் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லையாம். இவர்கள் 'ஹலோ' என்றார்கள், அவர்கள் 'ஹலோ' என்றார்கள், சரக்கு தீர்ந்துவிட்டது. அடுத்த வாரம் ஊரூர் குப்பத்திலிருந்து வரும் ஜெனிஃபர் என்ற பெண், அவள் அம்மா விற்றது போக மிச்சமிருந்த கானாங்கெளுத்தி மீன் ஒன்றை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டியிருக்கிறாள். (வகுப்பறையில் நாற்றம் போக ஊதுவத்தி ஏற்ற வேண்டியிருந்தது.) அதற்கடுத்த வாரம் அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு மீனைத் தூக்கிக் காட்டினாள். ஏறக்குறைய அதே மீன். அன்றிலிருந்து மணி அடித்தாலும் யாரும் எழுந்திருப்பதில்லை என்று கோமதி பெருமைப்படுவாள்.

ஒரு நாள் அந்தப் பள்ளி எட்டுப் பிள்ளைகளை அழைத்தது. அங்கே வீடுகளில் தங்கலாம், அவர்களுடைய வகுப்பில் உட்கார்ந்து படிக்கலாம். பதிலுக்கு அவர்கள் பிள்ளைகள் இங்கே வருவார்கள். எட்டுப் பேருக்கும் பாஸ்போர்ட் வந்தது. ஜெனிஃபர் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவதாக அவள் அம்மா சொன்னாராம்.

எல்லாம் தயார். ஒன்றே ஒன்றுதான் குறை. இப்படி ஒரு பள்ளி பிள்ளைகளை வெளிநாட்டுப் பள்ளிக்கு அனுப்பலாமா, அங்கிருந்து வருபவர்களை வகுப்பில் உட்கார வைக்கலாமா, யார் அனுமதி தர வேண்டும் என்று எந்த அலுவலகத்துக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு அலுவலகமும் மிகுந்த மரியாதையோடு அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டியது. கோமதி ஒரு முடிவுக்கு வந்தாள். சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி மானியக் கோரிக்கை விவாதம் வரப்போகிறது. நம் எம்.எல்.ஏ. எழுந்து, 'இதற்கு அரசு ஒரு வழி செய்யுமா?' என்று கேட்டுவிட்டால், அமைச்சர் ஏதாவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஞாயிறு காலை பத்து நிமிடம் கொடுத்தார்கள். (தொகுதியின் பெயரைக் கேட்காதீர்கள். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யவில்லை. அன்று நடந்த எல்லாத் தப்பும் என் சொந்தத் தயாரிப்பு.)

வியாழக்கிழமை ஆண்டு விழா ஒத்திகையில் கத்திக் கத்திக் கோமதிக்குக் குரல் போய்விட்டது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது டீச்சர். கிசுகிசுன்னு பேசறதும் கூடாது" என்றார். தலைமை ஆசிரியை மகள் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார். மற்ற டீச்சர்கள், எம்.எல்.ஏ. என்ற சொல்லைக் கேட்டதும் பாடத்திட்டம் முடிக்கப் போய்விட்டார்கள்.

"நான் பேசறேன்" என்றேன்.

கோமதி என்னைப் பார்த்தாள். பேச முடியாதவர்கள் பார்க்கிற பார்வையில் பேச்சைவிட விஷயம் அதிகம். எங்கள் மகள் நித்யாதான் மொழிபெயர்த்தாள். "அம்மா 'கடவுளே'ங்கறாங்கப்பா."

"இங்க பாரு, தினம் நூறு பேர்கிட்ட பேசறவன் நான். வேண்டாம்னு சொல்லிக்கிட்டே வந்த மாமியார் மருமக ரெண்டு பேருக்கும் தனித்தனியா குக்கர் வித்திருக்கேன். ஒரு எம்.எல்.ஏ. எம்மாத்திரம்?"

அன்று இரவிலிருந்து பயிற்சி. எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவள் தன் போனில் தட்டுவாள், என் போன் 'டிங்' என்னும். 'நாலு விஷயம் மட்டும் சொல்லணும்.' டிங். 'ஒண்ணு, நம்ம பிள்ளைங்க போக அனுமதி. ரெண்டு, அவங்க பிள்ளைங்க வர அனுமதி. மூணு, ரெண்டுக்கும் ஒரே அலுவலகம். நாலு, வசதி இல்லாத பிள்ளைங்களுக்குப் பயணச் செலவுக்கு உதவி.' டிங். 'ஜோக் அடிக்கக் கூடாது.' டிங். 'கூடாது.' டிங். 'முக்கியமா கூடாது.' நானும் கட்டைவிரலில் ஆரம்பித்து மோதிர விரல் வரை நாலு விஷயத்தையும் ஏற்றிக்கொண்டேன். சுண்டுவிரல் காலியாக இருந்தது. அந்தச் சுண்டுவிரல்தான் என்னைக் கெடுத்தது.

ஏனென்றால் காலியாக இருந்த அதைப் பார்க்கும்போதெல்லாம், 'ஏதோ குறையுதே' என்று மனசு அரித்தது. சனிக்கிழமை கடையில் ஒரு அம்மாவின் கையில் குக்கரைக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது பளிச்சென்று புரிந்தது. சாம்பிள் இல்லை! சர்வதேசக் கல்வி, சர்வதேசக் கல்வி என்று நான் தொண்டை வறளப் பேசி என்ன பயன்? எம்.எல்.ஏ. கையில் கொடுக்க ஒன்றும் இல்லையே!

சாம்பிள் எங்கள் வீட்டு மாடியிலேயே இருந்தது. பெயர் பாவெல். போலந்துக்காரன். மயிலாப்பூரில் ஒரு வித்வானிடம் மிருதங்கம் கற்றுக்கொள்வதற்காக வந்து, எங்கள் மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தான். ஆறடிக்கு மேல் உயரம், தோள் வரை செம்பட்டை முடி. வெளிநாட்டிலிருந்து வந்து நம் ஊரில் படிக்கும் மாணவன். இதைவிடக் கனமான சாம்பிள் எந்தக் கடையில் கிடைக்கும்?

நானும் அவனும் ஆங்கிலத்தில்தான் பழக்கம். அதாவது, நான் "குட் மார்னிங்" என்பேன். அவன் "குட் மார்னிங் அங்கிள்" என்பான். நான் "வெரி ஹாட்" என்பேன். அவன் வானத்தைப் பார்ப்பான். இத்தோடு என் ஆங்கிலம் முடிந்துவிடும் என்பதால் மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியிருந்தால் பக்கத்தில் நிற்கும் கோமதியிடம் தமிழில் சொல்லிவிடுவேன். "முடியைப் பாரு, பாத்திரம் தேய்க்கற தேங்கா நார் மாதிரி." "மிருதங்கம் வாசிக்கறானா, மாடிப்படியில பரண் சாமான உருட்டறானா?" அவன் புன்னகைத்துக்கொண்டே நிற்பான். ரொம்ப நல்ல பையன் என்று நினைத்துக்கொள்வேன். வெள்ளைக்காரனுக்கு நம்ம பேச்சு எங்கே புரியப்போகிறது?

"பாவெல், சண்டே, எம்.எல்.ஏ. ஆபீஸ். யூ கம். யூ நோ டாக். ஒன்லி ஸ்டாண்ட்" என்று என் ஆங்கிலத்தின் மொத்தக் கையிருப்பையும் கொட்டினேன்.

"எம்.எல்.ஏ.?" என்று அவன் கண்கள் விரிந்தன. "எம்.எல்.ஏ. வில் லிசன்?"

"ஃபுல் லிசன்."

"ஐ கம்" என்றான். கொஞ்சம் அதிக உற்சாகமாகவே சொன்னான். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். அலுவலக வாசலில் செருப்புக் குவியலைப் பார்த்ததுமே என் தைரியத்தின் கேஸ்கட் கழன்றது. உள்ளே பெஞ்சுகளில் தொகுதியே உட்கார்ந்திருந்தது. தெருவிளக்கு எரியவில்லை என்று நாலு பேர், முதியோர் பென்ஷனுக்கு மூன்று பாட்டிமார், காதுகுத்துப் பத்திரிகையோடு ஒரு குடும்பம். நடுவே, மனுக்களை வாங்கிக்கொண்டிருந்த பி.ஏ. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா விஷயம் சார்?"

"சர்வதேசக் கல்விக்குச் சட்டமன்ற ஆதரவு."

அவர் பேனாவைத் திறந்தார். "எந்தத் தெரு?"

"தெரு இல்லைங்க. சர்வதேசம்."

"சரி சார், சர்வதேசம். எந்தத் தெருவுல?" என்றார் பொறுமையாக. எல்லாக் கோரிக்கையும் ஒரு தெருவில்தானே இருக்க வேண்டும்? கோமதி தன் அடையாள அட்டையைக் காட்டினாள். அவர் பள்ளி இருக்கும் தெருவை எழுதிக்கொண்டு, "இவரு?" என்று பாவெலைப் பார்த்தார்.

"சாம்பிள்" என்றேன்.

கோமதி என் காலை மிதித்தாள்.

காத்திருந்த நேரத்தில் என் பயம் நன்றாக வேகத் தொடங்கியது. உள்ளே போகிறவர்கள் எல்லாம் எவ்வளவு சுலபமாகப் போகிறார்கள்! ஒரு பாட்டி போகும்போதே, "இன்னா நைனா, போன மாசமும் வந்தேன், அடுத்த மாசம் வான்ன, வண்ட்டேன்" என்று அதட்டிக்கொண்டே போனார். நானோ கட்டைவிரல், ஆள்காட்டி விரல் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். கட்டைவிரலில் என்ன இருந்தது என்று மறந்துவிட்டது. விரலை உற்றுப் பார்த்தேன். வெறும் விரல்தான் இருந்தது. உள்ளங்கை வேர்வையில் எம்.எல்.ஏ.வுக்காக வாங்கிய சால்வை ஈரமாகிவிட்டது. கோமதி போனில் தட்டினாள். டிங். 'மூச்சை இழுத்து விடுங்க.' இழுத்தேன். விட மறந்துவிட்டேன்.

கூப்பிட்டார்கள்.

எம்.எல்.ஏ. சாதாரணமாகத்தான் இருந்தார். வெள்ளைச் சட்டை, மேசையில் பாதி குடித்த டீ, அன்பான முகம். "வாங்க டீச்சர், வாங்க சார். உக்காருங்க." சால்வையைப் போர்த்தினேன். ஈரம் பட்டதும் ஒரு நொடி நெளிந்தார், பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லவில்லை. "டீச்சருக்குத் தொண்டை சரியில்லன்னு சொன்னாங்க. நீங்க சொல்லுங்க சார்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தலைக்குள் இருந்த நாலு விஷயமும் கைகோத்துக்கொண்டு வெளியேறின. அந்தக் காலி இடத்தில், அத்தனை வருடமாக என் நாக்கிலேயே குடியிருக்கும் ஒரு குரல் தானாகப் பேச ஆரம்பித்தது.

"வாங்க சார். இதுல ரெண்டு மாடல் இருக்கு."

எம்.எல்.ஏ. தலையசைத்தார்.

"ஒண்ணு, நம்ம பிள்ளைங்க அங்க போறது. இன்னொண்ணு, அவங்க பிள்ளைங்க இங்க வர்றது. ரெண்டும் நல்லா ஓடற மாடல்தான் சார். செட்டா எடுத்தீங்கன்னா உங்களுக்கு லாபம்."

இதுவரை ஓரளவு பொருத்தமாகத்தான் இருந்தது என்று இன்றும் வாதிடுவேன். ஆனால் குரல் நிற்கவில்லை. என் கைகள் வேறு காற்றில் ஒரு மூடியைத் திருகி மூடின.

"அடி நல்ல கனம் சார். அடி பிடிக்கவே பிடிக்காது. மத்த இடத்துல வாங்கிப் பாருங்க, ஆறு மாசத்துல கைப்பிடி ஆடும். இது ஆடாது. விசில் சத்தமும் கம்மி, பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. கேஸ்கட் மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திட்டாப் போதும். வீட்ல எத்தன பேர் சார்?"

"ஆறு பேர்" என்று சொல்லிவிட்டார் எம்.எல்.ஏ. பாவம், கேள்வி வந்த வேகம் அப்படி.

"அப்போ அஞ்சு லிட்டர் எடுத்துக்குங்க."

கோமதியைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. எம்.எல்.ஏ. டீயை ஒரு வாய் குடித்தார். "சார்... எதைப் பத்திப் பேசறீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

எதைப் பற்றி என்று எனக்கே தெரியாத நிலையில், கடைசி ஆயுதத்தை எடுத்தேன். வாயை மூடு, சாம்பிளைக் கையில் கொடு! பாவெலின் முதுகில் கைவைத்து மேசை வரை தள்ளினேன். "இதோ சார், நீங்களே பாருங்க!"

பாவெல் இரண்டு கையையும் கூப்பினான். தொண்டையைச் செருமினான். பிறகு பேசினான்.

"வணக்கம் சார். எம்பேரு பாவெலு. இன்னா சார் இது, நம்ம தெருல கால்வா ரொம்பி வழிஞ்சிகினு கீது. தண்ணி அப்டியே நின்னுகினு கீது. டெய்லி மிருதங்கத்த தலைல வெச்சிகினு தாண்டிப் போறேன் சார். தடுக்கி வுளுந்தா மிருதங்கம் காலி. போன் பண்ணா, வரோம் வரோம்னு சொல்லிகினே கீறாங்கோ, ஒர்த்தரும் வர்ல."

எத்தனை மாதமாக இவனுக்கு எதிரில் தமிழில் பேசியிருக்கிறேன்! தேங்காய் நாரிலிருந்து பரண் சாமான் வரை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து என்னைப் பார்த்துக் கண் சிமிட்டின.

எம்.எல்.ஏ. நாற்காலியை விட்டு முன்னால் வந்துவிட்டார். முகத்தில் பூரிப்பு. "தம்பி! எங்க கத்துக்கிட்டீங்க தமிழ்?"

"குப்பத்துல சார். சாய்ங்காலம் பசங்களோட கிரிக்கெட் ஆடுவேன். நான்தான் கீப்பரு. அங்க என்னைப் 'பாவா'ம்பாங்கோ."

"யோவ், எல்லாரும் வாங்கய்யா, வெள்ளைக்காரத் தம்பி பேசறதக் கேளுங்க!" என்று பி.ஏ. கதவைத் திறந்துவிட்டார். பெஞ்சில் இருந்த தொகுதி உள்ளே வந்தது. பாவெல் இன்னொரு முறை சொன்னான். கைதட்டல். காதுகுத்துக் குடும்பம் செல்பி எடுத்துக்கொண்டது. பென்ஷன் பாட்டி, "எங்க தெருலயும் அதே கதிதான் நைனா, அதையும் சேத்துச் சொல்லு பாவா" என்றார். தெருவிளக்குக்காரர்கள் தங்கள் தெருவையும் சேர்க்கச் சொன்னார்கள். பாவெல் ஒவ்வொரு தெருவாகத் திருப்பிச் சொல்ல, எம்.எல்.ஏ. போனை எடுத்து இன்ஜினியரிடம், "வெளிநாட்டுலேர்ந்து வந்த பையன் மிருதங்கத்தத் தலைல தூக்கிக்கிட்டுச் சாக்கடை தாண்டறான்யா, நம்ம மானம் போவுது! நாளைக்குக் காலைல வண்டி நிக்கணும் அங்க" என்றார். நான் போர்த்திய ஈரச் சால்வையை எடுத்துப் பாவெலின் தோளில் போட்டார். மறுபடி கைதட்டல். நானும் தட்டினேன். (தட்டாமல் இருந்தால் என்னைக் கவனிப்பார்களோ என்ற பயம்.)

பி.ஏ. கடிகாரத்தைப் பார்த்தார். "அண்ணே, கல்யாண மண்டபத்துக்கு நேரமாச்சு."

எங்கள் பத்து நிமிடம் முடிந்தது. எட்டுப் பெண்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. கோமதியை அப்போதுதான் பார்த்தேன். என்மேல் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. போட்டோவுக்கு நின்ற கூட்டத்துக்குப் பின்னால், கையில் மனுவை வைத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த எட்டுப் பேர் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கோபத்தைவிடத் தாங்க முடியாமல் இருந்தது.

என் ஜோக்கு புத்தி முழுவதும் அந்த ஒரு நொடி செத்துப்போனது. "சார்... சார், ஒரு நிமிஷம்..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பிறகு ஒரு சத்தம் கேட்டது. இரும்புக் கதவைத் தரையில் இழுத்தது மாதிரி ஒரு சத்தம்.

"சைலன்ஸ்!"

கோமதி.

டாக்டர் உத்தரவு, குரல், தொண்டை எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வந்த அந்த ஒற்றைச் சொல்லில் அறை உறைந்துபோனது. செல்பி எடுத்தவரின் கை அந்தரத்தில் நின்றது. பென்ஷன் பாட்டி வாயில் கைவைத்தார். எம்.எல்.ஏ., சத்தியமாகச் சொல்கிறேன், கைகட்டி எழுந்து நின்றார். நின்ற பிறகுதான் தாம் எழுந்து நிற்பது அவருக்கே தெரிந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

கரகரவென்று, சொல் சொல்லாகப் பிய்த்துப் பேசினாள் கோமதி.

"எட்டுப் பொண்ணுங்க சார். அரசாங்கத்துப் பாடபுஸ்தகம் படிச்சவங்க. வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் அவங்களக் கூப்பிடுது. போக வீடு இருக்கு, உக்கார பெஞ்ச் இருக்கு, பாஸ்போர்ட் இருக்கு. அனுமதி குடுக்க மட்டும் யாரும் இல்ல. காசு இருக்கற வீட்டுப் பிள்ளைங்க யாரையும் கேக்காமப் போய்ட்டு வருது. இவங்க போகணும்னா அரசாங்கம் ஒரு வழி போடணும். எந்த ஆபீஸ்ல கேட்டாலும் அடுத்த ஆபீஸ்ங்கறாங்க. நீங்க சட்டமன்றத்துல கேளுங்க சார். அங்க கேட்டாத்தான் அடுத்த ஆபீஸ்னு சொல்ல முடியாது."

அதோடு குரல் நின்றுவிட்டது. உதடு மட்டும் அசைந்து ஓய்ந்தது.

எம்.எல்.ஏ. மனுவை வாங்கி, நின்றபடியே படித்தார். முழுவதும் படித்தார். "கேக்கறேன் டீச்சர்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு நொடி யோசித்துவிட்டு, "ரெண்டு மாடல்னு நீங்க சொன்னது இதுதானா சார்?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

திரும்பும் வழியிலும் ஒரே ஆட்டோதான். அடையாறு பஸ் பணிமனை தாண்டும்போது, சால்வையோடு நடுவில் உட்கார்ந்திருந்த பாவெல் என் தொடையைத் தட்டினான்.

"அங்கிள். அந்தத் தேங்கா நாரு மேட்டரு..."

"தம்பி, அது வந்து..."

"பர்வால்ல வுடு. எங்கம்மாவும் அதத்தான் சொல்லுவாங்கோ."

கோமதியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பயந்து எட்டிப் பார்த்தேன். சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள். டிங். 'வீட்டுக்கு வாங்க. உங்களுக்கு இருக்கு.'

அந்த 'சைலன்ஸ்' அவள் தொண்டைக்கு மூன்று வாரச் சிறைத்தண்டனை வாங்கித் தந்தது. டாக்டர் அவளை விட்டுவிட்டு என்னைத் திட்டினார். என் போனில் அந்த மூன்று வாரமும் அடித்த 'டிங்' சத்தத்தைக் கேட்டு, கடையில் என்னைக் கோயில் மணி என்று அழைக்க ஆரம்பித்தார்கள்.

எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் பேசினாரா என்றால், பேசினார். நித்யா போனில் காட்டினாள். பாலம் கேட்டார், பள்ளிக் கட்டடம் கேட்டார், கழிப்பறை கேட்டார். நேரம் முடிந்ததென்று மணி அடிக்க, "கடைசியாக ஒன்று, பேரவைத் தலைவர் அவர்களே" என்று நிமிர்ந்தார். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளி மாணவர்களின் வெளிநாட்டுப் பரிமாற்றக் கல்வியைப் பற்றி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இதில் இரண்டு மாடல்கள் இருக்கின்றன" என்றார்.

எங்கள் வீட்டில் எழுந்த கூச்சலுக்கு மாடியிலிருந்து பாவெல் இறங்கி வந்துவிட்டான்.

நல்லவேளை, கேஸ்கட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அமைச்சர், இரண்டாவது வகையை முதலில் முயன்று பார்க்கலாம் என்றும், முதல் வகை பரிசீலிக்கப்படும் என்றும் பதில் சொன்னார். யாருடைய பேச்சால் அது நடந்தது என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. "என் தொண்டை போனதாலதான் நடந்தது" என்பாள் கோமதி. "மாடல் என்னுடையது" என்பேன். நித்யா இரண்டுக்கும் நடுவில் புகுந்து, "சார், வீட்ல எத்தன பேர்?" என்பாள். அத்தோடு நான் அடங்கிவிடுவேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் நான் வாழ்த்திப் பேச எழுந்தாலே போதும், பின்வரிசையிலிருந்து எவனாவது, "மாமா, அடி பிடிக்குமா?" என்று கேட்காமல் இருப்பதில்லை. என் மச்சினன், பெண் பார்க்கப் போகும்போது என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. கேட்டால், "ரெண்டு மாடல் இருக்கான்னு கேட்டுருவீங்க மாமா" என்கிறான்.

எங்கள் தெருக் கால்வாய் அடைப்பை மறுநாள் காலையிலேயே எடுத்துவிட்டார்கள். பாவெல் இப்போது மிருதங்கத்தைக் கையிலேயே தூக்கிக்கொண்டு போகிறான். நானும் அவனும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வதில்லை. அவன் காதில் விழும்படி தமிழிலும் நான் அதிகம் பேசுவதில்லை.

அடுத்த ஆண்டு ஜப்பானிலிருந்து ஆறு பிள்ளைகள் வந்து கோமதியின் வகுப்பில் உட்கார்ந்தார்கள். அவர்களில் அன்று பதிலுக்கு மீன் காட்டிய பெண், 'ஜெனிஃபர் வீட்டில்தான் தங்குவேன்' என்று பிடிவாதம் பிடித்து அங்கேயே தங்கினாள். ஜெனிஃபரின் பாஸ்போர்ட் இன்னும் தலையணைக்கு அடியில் இருக்கிறது. முதல் மாடல் பரிசீலனையில் இருக்கிறது. கோமதி மறுபடி நேரம் கேட்டிருக்கிறாள். இந்த முறை நான் வெளியில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டால் போதுமாம்.

எங்கள் வீட்டில் தங்கிய பெண்ணின் பெயர் ஹருகா. சாம்பார் சாதத்தை மூன்று வேளையும் கேட்டாள். ஊருக்குப் போகும் முன் ஒரு குக்கர் வேண்டும் என்றாள். நான் ஒன்றும் பேசாமல், எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கனம் பார்த்தாள், கீழே வைக்கவில்லை. பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன வாரம் கோமதிக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். அடி பிடிக்கவில்லையாம்.